மைரா நகரத்து வள்ளல்

கார்த்திகை விளக்கீடு முடிந்து மார்கழி பிறக்கும் தறுவாயில், கொச்சி நகரத்து வீடுகள்தோறும் காகித விண்மீன்கள் ஒளிரத் தொடங்கிவிடுகின்றன. மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் பஞ்சுத் தாடிகளும் சிவப்பு அங்கிகளும் விற்பனைக்குத் தொங்குகின்றன. அவற்றைக் காணும் நம் வீட்டுக் குழந்தைகள், இந்தத் தாத்தா யார், எந்த ஊரினர், எதற்காகப் பரிசு கொடுக்கிறார் என்று கேட்கின்றனர். பெற்றோரில் பலர் அவ்வினாவிற்கு ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாளித்துவிடுகின்றனர். ஆனால் அத்தாத்தா வெறுங்கற்பனை அல்லர். ஏறத்தாழ ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னர், ஆசியக் கண்டத்தின் மேற்குக் கோடியில், நம் கொச்சியைப் போன்றே கடல் வாணிகத்தால் பிழைத்த ஒரு துறைமுகப் பகுதியில் வாழ்ந்த மனிதர் அவர். பனிமூடிய நாட்டை அவர் கண்டிருப்பாரோ என்பதே ஐயம். மான் பூட்டிய வண்டியில் அவர் ஏறியதில்லை. நிக்கோலஸ் என்பது அவர் பெயர்.

இன்றைய துருக்கி நாட்டின் தென்கரையில் அக்காலத்தில் லிசியா என்றொரு நாடு இருந்தது. அந்நாட்டின் பட்டாரா என்னும் பட்டினத்தில், மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிக்கோலஸ் பிறந்தார் என்பர். பெற்றோர் கிரேக்கமொழி பேசிய செல்வர்கள். கொள்ளைநோயொன்றில் அவ்விருவரும் மாண்டனர் என்றும், இளம் வயதிலேயே பெருஞ்செல்வம் அவர் கைக்கு வந்தது என்றும் பழைய சரிதங்கள் கூறுகின்றன. பின்னர் அண்மையிலிருந்த மைரா நகரத்தின் மேற்றிராணியார் ஆனார். நம் கேரளத்து அண்டை வீட்டார் மெத்ரான் என்று சொல்கிறார்களே, அதே பதவிதான். உரோமப் பேரரசன் தயோக்ளீஷியன் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய காலத்தில் சிறையில் கிடந்தார் என்றும், கான்ஸ்டன்டைன் காலத்தில் விடுதலை பெற்று 325ஆம் ஆண்டு நைசியாவில் கூடிய பெருஞ்சபைக்குச் சென்றார் என்றும் சொல்லப்படுகிறது. அவர் மறைந்த நாள் டிசம்பர் 6. ஆண்டு 343 என்பது மரபு.

இவற்றுள் எத்துணை வரலாறு, எத்துணை பக்தியின் புனைவு என்று பிரித்தறிதல் எளிதன்று. அவரைப் பற்றிய விரிவான முதற் சரிதம் ஒன்பதாம் நூற்றாண்டில், அதாவது அவர் மறைந்து ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் கழித்தே எழுதப்பட்டது. நம் நாயன்மார் ஆழ்வார் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்நிலை புதிதன்று. சான்று கேட்டு நிற்பாரும் உளர். கதையின் உட்பொருளைக் கைக்கொள்வாரும் உளர். நிக்கோலஸைப் பொறுத்தவரை, உலகம் அவரை நினைவிற் கொண்டது அவருடைய சமயவாதங்களுக்காக அன்று, ஓர் இரவில் அவர் செய்த ஒரு செயலுக்காக.

பட்டாராவில் ஒருவன் செல்வனாயிருந்து வறியவனானான். அவனுக்கு மூன்று பெண்மக்கள். மூவரும் மணப்பருவம் எய்தினர். சீதனம் கொடுக்க வழியில்லை. சீதனமின்றிப் பெண்ணை ஏற்பார் அவ்வூரில் எவருமிலர். கடன் கேட்கவும் வாயெழவில்லை; நேற்றுவரை நிமிர்ந்து நடந்த தெருவில் எவரிடம் சென்று கைநீட்டுவது? இறுதியில், தன் பெண்களையே இழிதொழிலுக்கு விற்று வயிறு வளர்ப்பதன்றி வேறு வழியில்லை என்னும் எல்லைக்கு அத்தந்தை வந்துவிட்டான். இச்செய்தி நிக்கோலஸின் செவிக்கு எட்டியது. பகலில் சென்று பொன்னைக் கொடுத்தால் அவன் மானம் போகும். கொடாவிட்டால் பெண்களின் வாழ்வு போகும். ஆகவே நள்ளிரவில் தனியே சென்று, பலகணி வழியே ஒரு பொன்முடிப்பை உள்ளே எறிந்துவிட்டு, ஓசையின்றித் திரும்பிவிட்டார். அப்பொன்னைக் கொண்டு மூத்தவளுக்குத் திருமணம் நிறைவேறியது. சில காலம் கழித்து இரண்டாம் முடிப்பு விழுந்தது. இரண்டாமவளும் மணம் முடித்தாள். மூன்றாம் முறை அத்தந்தை உறங்காமல் காத்திருந்தான். முடிப்பு விழுந்த ஓசை கேட்டதும் எழுந்தோடி இருளில் அம்மனிதரைப் பற்றிக் காலில் விழுந்தான். தாம் உயிரோடுள்ளவரை இதனை எவரிடமும் சொல்லலாகாது என்று வாக்குறுதி பெற்றுக்கொண்டே நிக்கோலஸ் அவனை விட்டார்.

பிற்காலத்தார் இக்கதையைத் தத்தம் நாட்டிற்கேற்பத் திருத்திக்கொண்டனர். குளிர்நாட்டில் இரவில் பலகணியைத் திறந்துவைப்பார் எவர்? ஆகவே பொன் புகைபோக்கி வழியே விழுந்ததென்றும், அடுப்பருகே உலரவைத்த காலுறைக்குள் போய்த் தங்கியதென்றும் சொல்லலாயினர். இன்று மேலைநாட்டுக் குழந்தைகள் காலுறையைத் தொங்கவிடுவதன் காரணம் இதுவே என்பர். சீதனக் கொடுமையை அறியாத சமூகம் இக்கதையை வெறும் அற்புதமாகக் கேட்டு மகிழலாம். பெண்ணைப் பெற்று, தட்டார் கடைக்கும் வட்டிக்கடைக்கும் நடந்து களைத்த நம்மவர் எவரும் அத்தந்தையின் இரவுகளை எளிதில் உணர்வர்.

மற்றொரு கதை கப்பல்களைப் பற்றியது. மைராவில் பஞ்சம் வந்த காலத்தில், எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவிலிருந்து தலைநகருக்குக் கோதுமை ஏற்றிச்சென்ற கப்பல்கள் அதன் துறைமுகமாகிய ஆந்திரியாக்கேயில் நங்கூரமிட்டன. ஒவ்வொரு கப்பலிலிருந்தும் நூறு மரக்கால் கோதுமை தருமாறு நிக்கோலஸ் மாலுமிகளை வேண்டினார். அரசாங்கச் சரக்கு; எடை குறைந்தால் தலை போகும். அஞ்சி அஞ்சிக் கொடுத்தனர். தலைநகரில் நிறுத்துப் பார்த்தபோது ஒரு மணியும் குறையவில்லையாம். எடையின் அற்புதத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் ஆந்திரியாக்கேயில் உரோமப் பேரரசன் ஹாட்ரியன் கட்டிய பெருங்களஞ்சியம் இன்றும் நிற்கிறது. குற்றமற்ற மூவரின் தலைமேல் ஓங்கிய வாளைத் தம் கையால் பற்றி நிறுத்தினார் என்பதும் அவரைப் பற்றிய மிகப் பழைய கதைகளுள் ஒன்று. இவ்வாறு வணிகரும் மாலுமிகளும் சிறைப்பட்டோரும் மணமாகாத பெண்களும் அவரைத் தம் காவலராகக் கொண்டனர். குழந்தைகள் அவரிடம் வந்தது சற்றுப் பின்னரே. பொல்லாத விடுதிக்காரன் ஒருவன் மூன்று மாணவரைக் கொன்று உப்புத்தொட்டியில் இட்டான் என்றும், நிக்கோலஸ் அவர்களை உயிர்ப்பித்தார் என்றும் இடைக்காலத்தில் பிரான்சு நாட்டுப் பக்கம் ஒரு கதை எழுந்தது. அதன்பின் அவர் பள்ளிச் சிறுவர்களின் காவலரானார்.

மறைந்த பின்னரும் அம்மனிதர் ஓரிடத்தில் தங்கவில்லை. பதினோராம் நூற்றாண்டில் செல்ஜுக் துருக்கியர் அப்பகுதியைக் கைப்பற்றியதும், 1087ஆம் ஆண்டு இத்தாலி நாட்டுப் பாரி நகரத்து மாலுமிகள் மைராவில் இறங்கி, அவர் எலும்புகளைக் கல்லறையிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டனர். பக்தி என்றும் சொல்லலாம், கொள்ளை என்றும் சொல்லலாம். யாத்திரிகர் கூட்டத்தால் தம் ஊர் செழிக்கும் என்னும் வாணிகக் கணக்கும் அதில் இருந்தது. எஞ்சியவற்றைச் சில ஆண்டுகளில் வெனிஸ் நகரத்தார் வாரிச் சென்றனர். 1950களில் பாரியிலுள்ள எலும்புகளை உடற்கூற்று அறிஞர் ஒருவர் அளந்து ஆராய்ந்தார். எழுபது வயதைக் கடந்த ஒரு முதியவரின் எலும்புகள் அவை எனத் தெரிந்தது. அவ்வளவுகளைக் கொண்டு பிற்காலத்தில் முகத்தைக் கணினியில் வரைந்தபோது, மூக்கெலும்பு முறிந்து கோணலாய் ஆறியிருந்தது புலனாயிற்று. சிறையில் பட்ட அடியோ, வேறெதுவோ!

ஜெர்மனிக்கு அவர் புகழ் சென்ற வரலாறும் ஒரு பெண்ணோடு தொடர்புடையது. 972ஆம் ஆண்டு, கிரேக்கப் பேரரசின் இளவரசி தியோபானு, ஜெர்மானியப் பேரரசன் இரண்டாம் ஓட்டோவை மணந்து வடக்கே சென்றாள். புகுந்த வீட்டிற்குப் போகும் பெண் பிறந்த வீட்டுச் சாமியையும் உடன் கொண்டுபோவது உலக வழக்கு. நிக்கோலஸின் வழிபாடு அந்நாட்டில் வேரூன்றுவதற்கு அவளும் காரணம் என்பர். பின்னர் வணிகர் அவரைப் பரப்பினர். ஹாம்பர்க், ஸ்ட்ரால்சுண்டு, ராஸ்டாக் முதலிய துறைமுகங்களிலெல்லாம் அவர் பெயரால் தேவாலயங்கள் எழுந்தன. லைப்சிக் நகரத்து நிக்கோலஸ் ஆலயத்தில் 1989ஆம் ஆண்டு திங்கட்கிழமைதோறும் கூடி வேண்டிய மக்களே, அக்டோபர் 9ஆம் நாள் எழுபதாயிரம் பேராகத் தெருவில் நடந்து, கிழக்கு ஜெர்மனியின் அரசை அசைத்தனர்.

இனி, குழந்தைகளின் பரிசுக்கு வருவோம். டிசம்பர் 5ஆம் நாள் இரவு குழந்தைகள் காகிதத்தால் சிறு கப்பல்களைச் செய்து வைப்பார்கள். மாலுமிகளின் காவலராகிய நிக்கோலஸ் இரவில் வந்து அவற்றில் கொட்டைகளும் பழங்களும் ஏற்றிச் செல்வார். நாளடைவில் கப்பலின் இடத்தைக் காலணி பிடித்துக்கொண்டது. இன்றும் ஜெர்மானியக் குழந்தைகள் அன்றிரவு தம் காலணியைத் துடைத்து மெருகேற்றி வாயிலில் வைத்துவிட்டு உறங்கச் செல்கின்றனர். அழுக்குக் காலணிக்குப் பரிசு இல்லை என்று தாய்மார் சொல்வது அவர்களுக்கு வாய்த்த வசதி.

பதினாறாம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதர் சமயச் சீர்திருத்தம் செய்தபோது நிக்கோலஸுக்குச் சோதனை வந்தது. புனிதர்களை வேண்டுதல் கூடாது என்பது லூதரின் கொள்கை. ஆனால் குழந்தைகளிடம் இவ்வாண்டு முதல் பரிசு இல்லை என்று சொல்லத் துணிந்த சீர்திருத்தவாதி உலகில் எவருமிலர். லூதர் வீட்டிலேயே தொடக்கத்தில் நிக்கோலஸ் நாளன்று பரிசுகள் வழங்கப்பட்டன என்பர். பின்னர், பரிசைக் கொண்டுவருபவர் குழந்தை இயேசுவே என்றும், நாள் டிசம்பர் 24 மாலை என்றும் வழக்கம் மாறியது. அக்குழந்தையைக் கிறிஸ்ட்கிண்ட் என்றனர். காலப்போக்கில் அது தொட்டிற் குழந்தையாக இல்லாமல், வெள்ளாடையும் பொன்முடியும் அணிந்த தேவதை போன்ற இளம்பெண்ணாக உருமாறிவிட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. சீர்திருத்தச் சபையார் உண்டாக்கிய கிறிஸ்ட்கிண்டைக் கத்தோலிக்கர் மிகுந்த தெற்கும் மேற்கும் மெல்ல ஏற்றுக்கொண்டன. சீர்திருத்தம் பிறந்த வடக்கும் கிழக்குமோ, பத்தொன்பதாம் நூற்றாண்டில் வைனாக்ட்ஸ்மான் என்னும் வெண்தாடிக் கிழவரைக் கைக்கொண்டன. அக்கிழவர் யார்? நிக்கோலஸே மேற்றிராணியார் உடையைக் களைந்துவிட்டு, கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்தவர் என்று சொன்னால் பெரிதும் தவறாகாது.

ஆகவே, ஒரே நாட்டில் மாவட்டத்திற்கு மாவட்டம் கொடுப்பவர் மாறுகிறார். ரைன் ஆற்றங்கரையில் நவம்பர் 11ஆம் நாளே கொண்டாட்டம் தொடங்கிவிடுகிறது. அது புனித மார்ட்டின் நாள்; குளிரில் நடுங்கிய இரவலனுக்குத் தம் மேலங்கியை வாளால் இரண்டாக வெட்டிப் பாதி கொடுத்த படைவீரர் அவர். குழந்தைகள் காகித விளக்குகளை ஏந்தி ஊர்வலம் போகின்றனர். மனித உருவில் சுட்ட ரொட்டி அவர்களுக்குக் கிடைக்கிறது. அந்த ரொட்டி மனிதன் வாயில் மண்ணாலான புகைக்குழாய் ஒன்று இருக்கும்; முன்பு அது மேற்றிராணியாரின் செங்கோலாக இருந்ததாம். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியைப் பாடும் நமக்கு மார்ட்டினை விளக்க வேண்டியதில்லை. பிராங்கோனியா, சுவாபியா ஆகிய பகுதிகளின் சீர்திருத்தச் சபையார் ஊர்களில் அதே நாளையொட்டி ரோமத்தோல் போர்த்த பெல்ஸ்மார்ட்டல் என்பவர் மூட்டையோடு வருகிறார். பிரேமன் நகரிலோ எவரும் வீட்டிற்கு வருவதில்லை; டிசம்பர் 6ஆம் நாள் குழந்தைகளே வீடுவீடாகச் சென்று பாட்டுச் சொல்லித் தின்பண்டம் பெறுகின்றனர்.

நிக்கோலஸ் தனியே வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவருடன் ஒரு பூச்சாண்டி வருகிறான். வடக்கிலும் நடுப்பகுதியிலும் அவன் பெயர் ருப்ரெக்ட். சாக்குமூட்டையும் விளாரும் அவன் அடையாளம். பவேரிய மலைப்பகுதியில் கொம்பும் நீண்ட நாக்கும் சங்கிலியும் கொண்ட கிராம்பஸ். பெர்க்டெஸ்காடன் பகுதியில் உடல் முழுவதும் வைக்கோல் சுற்றி, பெரிய மணிகளை இடையில் கட்டிய ஒரு கூட்டமே நிக்கோலஸைப் பின்தொடர்கிறது. பலட்டினேட்டின் தென்பகுதியிலும் அடுத்த அல்சேசிலும் ஹான்ஸ் டிராப் என்பவன் வருகிறான். அவன் உண்மையில் பதினைந்தாம் நூற்றாண்டில் பெர்வார்ட்ஸ்டைன் கோட்டையில் வாழ்ந்த ஹான்ஸ் ஃபான் டிரோட்டா என்னும் பிரபு. பக்கத்து மடாலயத்தோடு வழக்குண்டாகி, ஆற்றை அணைகட்டித் தடுத்து ஊரைத் தண்ணீரின்றித் தவிக்கவிட்டான். பின்னர் அணையை உடைத்து அதே ஊரை வெள்ளத்தில் மூழ்கடித்தான். திருச்சபையினின்று விலக்கப்பட்டு 1503இல் மாண்டான். நானூறு ஆண்டுகளுக்கு மேலாகக் குழந்தைகளைப் பயமுறுத்துவதே அவனுக்கு விதிக்கப்பட்ட தண்டனை போலும். ஆற்றுநீர் வழக்குகளை நன்கறிந்த நாம் இதில் வியக்க ஒன்றுமில்லை.

இப்பூச்சாண்டிகளை நான் விரும்பவில்லை. இருளில் வந்து, பெயர் சொல்லாமல், தகுதி பாராமல் கொடுத்துச் சென்றவர் நிக்கோலஸ். அவர் பெயரால் வாயிலில் நின்று, பாடம் ஒப்பித்தாயா, தாய் சொல் கேட்டாயா என்று கணக்கு வாங்குவது அவர் கொடைக்கு ஏற்றதாகத் தோன்றவில்லை. ஜெர்மானியப் பெற்றோரும் இன்று பல இடங்களில் விளாரைக் கைவிட்டுவிட்டனர்.

பரிசு யாது என்பதிலும் நமக்கு ஒரு பங்குண்டு. ஆப்பிள், வாதுமை, அக்ரோட்டு ஆகியவற்றோடு தேனும் மசாலாவும் சேர்த்துச் சுட்ட ஒருவகைப் பணியாரம் அங்குக் குழந்தைகளின் தட்டில் தவறாமல் இருக்கும். நியூரம்பர்க் நகரம் அதற்குப் பேர்போனது. சாக்சனி நாட்டில் அதனையே மிளகுப் பணியாரம் என்பர். மிளகு என்னும் சொல் அக்காலத்தில் கிழக்கிலிருந்து வந்த நறுஞ்சரக்குகள் அனைத்தையும் குறித்தது. 1505ஆம் ஆண்டு போர்ச்சுகீசியரின் கப்பற்படையோடு, வெல்சர் முதலிய ஜெர்மானிய வணிகர் குடும்பங்களின் முதலீட்டில் மூன்று கப்பல்கள் புறப்பட்டன. அவற்றுடன் வந்த பல்தசார் ஸ்பிரிங்கர் என்பவர் கொச்சியைக் கண்டு மீண்டு, தம் பயணத்தை 1509இல் நூலாக அச்சிட்டார். மட்டாஞ்சேரிப் பண்டகசாலைகளில் மூட்டை பிடித்த கைகளுக்கும் நியூரம்பர்க் குழந்தையின் தட்டிற்கும் இடையே அன்றே ஒரு வழி திறந்துவிட்டது. மிளகுப் பணியாரத்திற்குப் புகழ்பெற்ற மற்றோர் ஊர் புல்ஸ்னிட்ஸ். 1558 முதல் அங்கு அது சுடப்பட்டு வருகிறது. அவ்வூரில் 1682இல் பிறந்தவரே, 1706இல் தரங்கம்பாடியில் இறங்கித் தமிழ் கற்று, தமிழ் நூல்களை அச்சேற்றிய சீகன்பால்கு.

நிக்கோலஸின் பயணம் ஜெர்மனியோடு முடியவில்லை. நம் மட்டாஞ்சேரி அரண்மனைக்குத் தம் பெயரை விட்டுச்சென்ற டச்சுக்காரர் அவரைச் சின்டர்கிளாஸ் என்றழைத்தனர். அவர்கள் குடியேறிய நியூயார்க்கில் அப்பெயர் சாண்டா கிளாஸ் என்று திரிந்தது. அவருக்கு இன்றைய பருத்த உடலையும் ரோமம் வைத்த அங்கியையும் 1863 முதல் படமாக வரைந்து நிலைநாட்டியவர் தாமஸ் நாஸ்ட். அவரும் பலட்டினேட்டின் லாண்டாவு நகரில் பிறந்து, சிறுவனாகவே அமெரிக்காவில் குடியேறியவர். கோட்டைக் கொச்சியில் டிசம்பர் 31 நள்ளிரவில் எரிக்கப்படும் பாப்பாஞ்ஞி என்னும் கிழவர் உருவத்தை இவரென்று குழந்தைகள் மயங்குவதுண்டு. அது வேறு, அவர் போகும் ஆண்டின் உருவம்.

ஜெர்மனியில் இன்றும் குழந்தைகள் கடிதம் எழுதுகின்றனர். முகவரி பகுதிக்குப் பகுதி மாறும். கிழக்கே பிராண்டன்பர்க்கில் ஹிம்மல்ஃபோர்ட் என்னும் சிற்றூருக்கு வைனாக்ட்ஸ்மான் பெயரால் கடிதங்கள் குவிகின்றன. மேற்கே கொலோன் நகருக்கு அருகில் எங்கல்ஸ்கிர்கனுக்குக் கிறிஸ்ட்கிண்ட் பெயரால் வருகின்றன. சார்லாந்தில் நிக்கோலஸ் பெயர் கொண்ட ஊரே உள்ளது. அங்கு அவர் பெயருக்கே கடிதம். அஞ்சல் துறையாரும் தொண்டர்களும் அமர்ந்து விடை எழுதுகின்றனர்.

நியூரம்பர்க் நகரில் 1969 முதல், ஈராண்டுக்கு ஒருமுறை ஓர் இளம்பெண்ணைக் கிறிஸ்ட்கிண்டாகத் தேர்ந்தெடுக்கின்றனர். அவள் பொன்முடி அணிந்து, தேவாலயத்தின் மாடத்தில் நின்று பண்டிகைச் சந்தையைத் திறந்துவைப்பாள். 2019ஆம் ஆண்டு அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட பதினேழு வயதுப் பெண்ணின் தந்தை இந்தியர். அவளுடைய நிறத்தையும் வமிசத்தையும் இகழ்ந்து, குடியேறியோரை வெறுக்கும் ஓர் அரசியல் கட்சியின் கிளையினர் எழுதினர். அந்நகரத்தாரும் பவேரிய முதல்வரும் அப்பெண்ணின் பக்கம் நின்றனர்; எழுதியதை அக்கிளையினர் நீக்கினர். நிறத்தைப் பற்றிப் பேசியவர்கள், பரிசு கொடுக்கும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தவரே ஆசியாவிலிருந்து வந்தவர் என்பதை மறந்துவிட்டனர். அவ்வாண்டு நவம்பர் 29ஆம் நாள் மாலை, அப்பெண் மாடத்தில் ஏறி நின்று, கீழே கூடியிருந்த குழந்தைகளை வரவேற்றுச் சந்தையைத் திறந்துவைத்தாள்.